செவுள் சொல்லாத செய்தி

பாடம் 6 – உரைநடை

நுழையும் முன்

மீன் தொன்றுதொட்டுத் தமிழர் உணவில் இடம்பெற்று வருகிறது. பாண்டியர் தம் கொடியிலேயே மீனைப் பொறித்தனர். கயல், கெண்டை, விரால், வாளை, அயிரை, ஆரல், கெளுத்தி என நன்னீர் மீன்களுக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. இவ்வளவு நெருங்கிப் பழகிய ஓர் உணவில் கண்ணுக்குத் தெரியாத தீங்கு கலந்தால் அதனை எவ்வாறு அறிவது? இப்பாடம் அதனை விளக்குகிறது.

ஒரு வீட்டு வழக்கு

மாணவர்களே! ஜோகுபாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை காலையில் வகுப்பில் எழுந்து நின்றாள்.

“ஐயா, நேற்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. அப்பா ஏரி மீன் வாங்கி வந்தார். விலை குறைவு, கடையில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது என்றார். பாட்டி செவுளைத் தூக்கிப் பார்த்தார். ‘மீன் நல்ல மீன்தான், ஆனால் இந்தப் பக்கத்து ஏரியில் பிடித்தது என்றால் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். நல்ல மீன் என்றால் ஏன் வேண்டாம் என்கிறார்? யார் சொல்வது சரி?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சிலர் அப்பாவின் பக்கம். சிலர் பாட்டியின் பக்கம். எனக்கு என் ஊர் நினைவு வந்தது. நான் பிறந்த சிற்றூரில் கோடையில் குளம் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அது எந்தத் தண்ணீரில் வளர்ந்த மீன் என்று எவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. குளம் கண்முன்னே இருந்தது. நகரத்திலோ மீன் மட்டும் வீட்டுக்கு வருகிறது. அது வாழ்ந்த நீரை நாம் பார்ப்பதில்லை.

மீன் வாங்குவோர் செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, சதையை அழுத்தினால் மீண்டு எழுகிறதா என்று பார்ப்பர். இது தலைமுறை தலைமுறையாக வந்த நல்ல அறிவு. ஆனால் இத்தேர்வு மீன் எப்போது இறந்தது என்பதை மட்டுமே சொல்லும். அது எத்தகைய நீரில் வாழ்ந்தது என்பதைச் சொல்லாது. பாட்டி சொன்ன ‘ஆனால்’ என்னும் சொல்லில் இந்த வேறுபாடுதான் அடங்கியிருந்தது.

செத்து மிதந்த மீன்கள்

ஜோகுபாளையத்துக்கு அருகே உள்ளது அல்சூர் ஏரி. அதன் கரையோரத்தில் திருவள்ளுவர் சிலை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அச்சிலை திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கரையில் நடக்க இயலாதபடி நாற்றம் வீசியது. ஏரியில் கலந்த சாக்கடை நீரால், கரைந்திருந்த உயிர்வளி குறைந்து மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன.

அக்காட்சியைக் கண்ட எவரும் அந்த மீன்களை எடுத்து உண்ண நினைத்திருக்க மாட்டார்கள். செத்த மீன் நம்மை எச்சரித்துவிடுகிறது. நாம் அஞ்ச வேண்டிய வேறொரு மாசு உண்டு. அது மீனை உடனே கொல்வதில்லை. மீன் நீந்தும், கொழுக்கும், துள்ளும், செவுளும் சிவந்தே இருக்கும். கன உலோகங்களால் விளையும் மாசு அத்தகையது.

கன உலோகங்கள் என்பன யாவை?

நீரைவிடப் பல மடங்கு அடர்த்தி மிகுந்த உலோகங்களைக் கன உலோகங்கள் என்பர். பாதரசம் நீரைப்போல் ஏறத்தாழ 13.5 மடங்கும், காரீயம் 11.3 மடங்கும் அடர்த்தி உடையவை. இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவை சிறிய அளவில் நம் உடலுக்குத் தேவை. பாதரசம், காரீயம், காட்மியம் ஆகிய மூன்றாலும் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை.

இவை நகரத்து நீர்நிலைக்குள் பல வழிகளில் வருகின்றன. உலோகங்களுக்கு மின்முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரில் குரோமியமும் நிக்கலும் காட்மியமும் இருக்கலாம். பழைய பேட்டரிகளை உடைக்கும் இடங்களிலிருந்து காரீயம் வரும். உடைந்த குழல்விளக்கில் பாதரசம் உண்டு. பழைய கணினியும் கைப்பேசியும் குப்பையில் எரிக்கப்படும்போது பல உலோகங்கள் வெளிப்படுகின்றன. சிலைகளுக்குப் பூசும் சில வண்ணங்களிலும் காரீயமும் குரோமியமும் உண்டு. விநாயகர் சதுர்த்திக்குப் பின் சிலைகளைக் கரைப்பதற்கென அல்சூர் ஏரியை ஒட்டித் தனிக்குளம் ஒன்று இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். சிலைகளில் நச்சு வண்ணங்களைத் தவிர்க்க வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகளில் கூறியுள்ளது.

சாக்கடையில் உள்ள உணவுக் கழிவும் பிறவும் நாளடைவில் நுண்ணுயிர்களால் சிதைந்துபோகும். உலோகம் அவ்வாறு சிதையாது. நீர் தெளிந்த பின்னும் அது ஏரியின் அடிச்சேற்றில் தங்கியிருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் கொட்டிய காரீயம் இன்றும் காரீயமே. ஆகவே நீர் தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு ஏரியைத் தூயது எனக் கூற இயலாது.

சேற்றிலிருந்து குழம்புச் சட்டிக்கு

அடிச்சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்னும் சேர்மமாக மாற்றுகின்றன. இது உயிர்களின் உடலில் எளிதில் ஏறும், எளிதில் வெளியேறாது. பாசியிலிருந்து சிற்றுயிருக்கும், சிற்றுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் அது செல்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறுமீனின் உடலில் 1 அலகு பாதரசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுத்தர மீன் ஒன்று அத்தகைய 50 சிறுமீன்களை உண்டால் அதன் உடலுக்குள் 50 அலகு செல்கிறது. விரால் ஒன்று அத்தகைய 20 நடுத்தர மீன்களை உண்டால் 1,000 அலகு செல்கிறது. அதில் ஒரு பகுதி வெளியேறினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். அந்த விராலைப் பிடித்துச் சமைப்பவர் மனிதர். எனவே உணவுச் சங்கிலியின் மேற்படியில் இருப்போருக்கே நஞ்சு மிகுதியாகச் சேர்கிறது.

எல்லா உலோகங்களும் மீனின் உடலில் ஒரே இடத்தில் தங்குவதில்லை. காரீயமும் காட்மியமும் பெரும்பாலும் செவுள், ஈரல், சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றில் தங்கும். சதையில் குறைவாக இருக்கும். பாதரசமோ நாம் உண்ணும் சதையிலேயே தங்கும். மஞ்சளும் கல்லுப்பும் இட்டுக் கழுவினால் கவிச்சி போகும், பாதரசம் போகாது. புளியில் கொதிக்கவைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது நீங்காது.

மனித உடலில் சென்ற மெத்தில் பாதரசத்தின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 முதல் 70 நாள்கள் ஆகும். காரீயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கருவில் உள்ள குழந்தையையும் சென்றடையும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். இரத்தத்தில் இந்த அளவு வரை காரீயம் இருக்கலாம் என்று கூறத்தக்க பாதுகாப்பான எல்லையே இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து.

கோடைக்கானல் ஏரி

இது எங்கோ தொலைவில் மட்டும் நிகழ்வதன்று. நீங்கள் விடுமுறையில் சென்றிருக்கக்கூடிய கோடைக்கானலிலும் நிகழ்ந்தது. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இயங்கிவந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானிக்குள் மின்னும் வெள்ளி நிறத் திரவம் பாதரசமே. 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். அம்மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

ஆனால் ஏற்கெனவே காற்றில் கலந்த பாதரச ஆவியைக் கப்பலில் ஏற்ற இயலுமா? அது மழையோடும் பனியோடும் இறங்கியது. 2006ஆம் ஆண்டில் வெளியான இந்திய அறிவியலாளர்களின் ஆய்வு, கோடைக்கானல் ஏரியின் நீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. சுற்றுலாப் பயணிகள் படகில் சென்று மகிழும் அந்த ஏரி பார்வைக்கு எப்போதும்போல் அழகாகவே இருந்தது. தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடினர். 2016ஆம் ஆண்டில் அவர்களுள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

மினமாட்டாவில் நடந்தது

இத்தகைய மாசின் கொடுமையை உலகம் உணர்ந்தது ஜப்பான் நாட்டின் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில். அங்கிருந்த சிசோ என்னும் வேதித் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீனை உண்ட பூனைகள் ஆடுவதுபோல் துடித்து விழுந்தன. பின்னர் மனிதருக்குக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, பார்வை சுருங்கியது. 1956ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் இந்நோய் முறைப்படி பதிவாயிற்று. காரணம் ஆலைக் கழிவே என்று அரசு ஏற்க மேலும் 12 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளிலும் கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது. 2,200க்கும் மேற்பட்டோர் நோயாளிகள் எனப் பின்னர் சான்றளிக்கப்பட்டனர்.

மினமாட்டாவில் நஞ்சேறியது கடல்மீன். 1965ஆம் ஆண்டில் அதே நாட்டின் நீகாட்டா பகுதியில், அகானோ ஆற்றின் நன்னீர் மீனை உண்டோருக்கும் அதே நோய் கண்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு மினமாட்டா என்றே பெயரிட்டனர். அது 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2018ஆம் ஆண்டில் அதனை ஏற்று உறுதி செய்தது.

நம் ஏரித் தண்ணீர் எங்கே செல்கிறது?

இனி ஜோகுபாளையத்துக்குத் திரும்புவோம். அல்சூர் ஏரியிலிருந்து வழியும் நீர் கால்வாய் வழியாகப் பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. வழியெல்லாம் நகரத்தின் கழிவுநீர் அதனோடு கலக்கிறது. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கியதையும், 2015, 2017ஆம் ஆண்டுகளில் அந்த ஏரியின் மேல் தீப்பிடித்ததையும் நாடே பார்த்தது. அங்கிருந்து நீர் வர்த்தூர் ஏரிக்கும், பின்னர் தட்சிண பினாகினி ஆற்றுக்கும் செல்கிறது.

தட்சிண பினாகினி எல்லையைக் கடந்ததும் தமிழில் தென்பெண்ணை எனப் பெயர் பெறுகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, அதன்பின் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எனக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் குவிந்த செய்தி பலமுறை நாளிதழ்களில் வந்துள்ளது. உங்களுள் பலருடைய தாத்தா பாட்டியின் ஊர்கள் இந்த ஆற்றின் கரையிலோ அதன் அருகிலோ இருக்கின்றன. விடுமுறைக்கு நீங்கள் அங்கே பேருந்திலோ தொடர்வண்டியிலோ செல்கிறீர்கள்; இங்கே நாம் கால்வாயில் விடும் நீரும் அங்கேதான் செல்கிறது. அந்த அணைகளில் மீன் பிடித்து வாழ்வோரும், அந்த மீனை உண்போரும் நம் உறவினரே. ஆகவே ஜோகுபாளையத்தில் ஒரு பேரன் கால்வாயில் எறியும் பேட்டரி ஊரில் உள்ள பாட்டிக்குத் தொடர்பில்லாதது அன்று.

எவ்வாறு கண்டறிவர்?

ஏரிக்கு ஏரி, மீனுக்கு மீன் உலோக அளவு வேறுபடும். ஆதலால் எந்த ஏரியையும் சோதிக்காமல் குற்றம் கூறுவது முறையன்று. சோதிக்காமல் நற்சான்று தருவதும் முறையன்று. ஆய்வுக்கூடத்தில் மீனின் சதையை அமிலத்தில் கரைத்து, நிறமாலைக் கருவியால் அதிலுள்ள உலோகங்களை அளப்பர். நாம் பொதுவாக உண்ணும் மீன்களில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருத்தல் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அது ஏறத்தாழ ஒரே ஒரு சர்க்கரைத் துகளின் எடை. இவ்வளவு சிறிய அளவைக் கண்ணோ மூக்கோ நாக்கோ அறிய இயலாது. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழி இங்கே முற்றிலும் பொருந்துகிறது.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை

1. மீன் உண்பதை விட்டுவிட வேண்டியதில்லை. மீன் சிறந்த புரதமும் நல்ல கொழுப்பும் உடைய உணவு. நீரைத் தேர்ந்து மீனை வாங்குவதே தேவை.

2. விலையைக் கேட்கும்முன் “இது எந்தத் தண்ணீர் மீன்?” என்று கேட்க வேண்டும். கழிவுநீர் கலக்கும் ஏரியில் பிடித்தது எனில், எவ்வளவு மலிவாயினும் தவிர்க்க வேண்டும்.

3. ஒரே நீர்நிலையின் மீனையே வாரந்தோறும் உண்ணாமல் மாற்றி மாற்றி உண்ண வேண்டும்.

4. பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களில் பாதரசம் மிகுதியாகச் சேரும். ஆகவே கருவுற்ற தாய்மாரும் சிறுவரும் சிறிய மீன்களையும், பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்டு வாழும் மீன்களையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

5. மீனை ஆயும்போது செவுள், குடல், ஈரல் ஆகியவற்றை முழுமையாக நீக்க வேண்டும்.

6. பழைய பேட்டரி, குழல்விளக்கு, உடைந்த வெப்பமானி, பழுதான கைப்பேசி ஆகியவற்றைக் குப்பையிலோ கால்வாயிலோ எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் தர வேண்டும்.

வழக்கின் முடிவு

இவையெல்லாம் கற்ற பின் அந்த மாணவியே எழுந்து தீர்ப்புக் கூறினாள். “அப்பா மீனைப் பார்த்தார், பாட்டி ஏரியைப் பார்த்தார். மீன் புதியது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கால்வாயில் என்னென்ன வருகின்றன என்று பார்த்தவர் பாட்டி. அதனால்தான் வேண்டாம் என்றார்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தந்தை மீன் கடையில் “எந்தத் தண்ணீர் மீன்?” என்று கேட்டாராம். அதுவரை எவரும் கேட்காத கேள்வி என்பதால் கடைக்காரர் சற்று வியந்து, பின்னர் மீன் வந்த ஊரையும் அணையையும் சொன்னாராம். பாட்டி அந்த மீனைத் தம் கையாலேயே ஆய்ந்து குழம்பு வைத்தாராம்.

சொற்பொருள்

நன்னீர் – உப்பில்லாத நீர்
செவுள் – மீன் மூச்சு விடும் உறுப்பு
உயிர்வளி – ஆக்சிசன்
காரீயம் – கருமை கலந்த, மிகவும் கனமான ஓர் உலோகம்
கவிச்சி – மீன், இறைச்சி ஆகியவற்றின் மணம்
மீன் ஆய்தல் – மீனைச் செதில் நீக்கித் தூய்மை செய்தல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மீனின் சதையில் மிகுதியாகத் தங்கும் உலோகம் (காரீயம் / காட்மியம் / பாதரசம்)
2. 2016இல் அல்சூர் ஏரி மீன்கள் இறக்கக் காரணம் (வெப்பம் / உயிர்வளிக் குறைவு / வலை)
3. தட்சிண பினாகினியின் தமிழ்ப் பெயர் (பாலாறு / தென்பெண்ணை / வைகை)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. செவுளைப் பார்த்து நாம் எதை அறியலாம்? எதை அறிய இயலாது?
2. சாக்கடைக் கழிவுக்கும் உலோகக் கழிவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. கப்பலில் திருப்பி அனுப்ப இயலாத பாதரசம் எது?

இ. பத்தி அளவில் விடை தருக.

1. சிறுமீனைவிடப் பெருமீனில் பாதரசம் மிகுதியாக இருப்பது ஏன்? பாடத்தில் உள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.
2. மினமாட்டாவில் காரணத்தை ஏற்க 12 ஆண்டுகள் தாமதமானதால் விளைந்தது என்ன?
3. ஏரியில் மீன் பிடித்து விற்பவர் இம்மாசுக்குக் காரணமானவரா, அதனால் துன்புறுபவரா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. மொழிப் பயிற்சி

1. பிரித்து எழுதுக: நன்னீர், அடிச்சேறு, சிற்றுயிர், அச்சிலை.

2. பின்வரும் இரு தொடர்களையும் ஒப்பிடுக.
தொழிற்சாலை கழிவைக் கடலில் கொட்டியது. (செய்வினை)
கழிவு கடலில் கொட்டப்பட்டது. (செயப்பாட்டுவினை)
இரண்டாம் தொடரில் மறைந்துபோனது எது? செய்தித்தாள்களில் இத்தகைய தொடர்கள் மூன்றினைக் கண்டு, செய்தவர் யார் என்று தெரியும்படி மாற்றி எழுதுக.

உ. செயல்திட்டம்

1. உம் வீட்டுச் சாக்கடை நீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது, அக்கால்வாய் எந்த ஏரியை அடைகிறது எனப் பெரியோரைக் கேட்டறிந்து வரைபடம் வரைக. கால்வாயின் அருகே தனியே செல்லலாகாது.

2. உம் தாத்தா பாட்டியின் ஊரில் வழங்கும் நன்னீர் மீன்களின் பெயர்கள் பத்தினைத் தொலைபேசியில் கேட்டு எழுதுக. அவற்றுள் இப்போது கிடைக்காதவை எவை, ஏன் என்றும் கேட்டு எழுதுக.